குளத்தில் போட்ட ரொட்டி

ஜூன் 4, புதன்
காலை ஆறரைக்குக் குளம். பையில் நேற்றைய ரொட்டி இரண்டு. இருபத்தாறு வருடம் நான் மாவு பிசைந்த பேக்கரி. இன்றைக்கும் பின்கதவைத் தட்டினால் விற்காத ரொட்டியைக் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். எனக்கு முன்பே கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்பது வருடமாகியும் வாத்துகளைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, எடம் இருக்கு" என்றுதான் சொல்கிறார். மொத்தம் பதினோரு வாத்து. முன்னால் வருவது மேனேஜர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல் நடக்கும் பெரிய ஆண் வாத்து. என் கையிலிருந்துதான் வாங்கும், கண்டக்டரை ஏறெடுத்தும் பார்க்காது. அதில் எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

குளம் இந்த வருடமும் பச்சையாகக் கிடக்கிறது. நாற்றம் வேறு. யார் எதைக் கொண்டுவந்து கொட்டுகிறார்களோ.

நாளைக்குப் பேத்தி தன் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குத் தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில் வேலை. மாதத்தின் முதல் வியாழன் சாயங்காலம், கடைத்தெருவில் பீர்க்கடை மாடியில், ஆளுக்கு ஒரு கிளாஸோடு உட்கார்ந்து அறிவியல் பேசுவார்களாம்.

"குடிச்சுட்டா அறிவியல் பேசுவீங்க?"

"நீ எலுமிச்சை ஜூஸ் குடி பாட்டி. யாரும் அடிக்க மாட்டாங்க."

ஜூன் 6, வெள்ளி
நேற்று எழுத மனம் வரவில்லை.

மாடியில் இருபது பேர் இருப்பார்கள். சிலர் பீர், சிலர் காபி. மேடை கிடையாது, மாலை கிடையாது. அலமாரியில் தனியாக ஒரு மஞ்சள் கோப்பை. "நான் நினைச்சது தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்பவருக்கு அன்றைக்கு அதில்தான் குடிக்கக் கொடுப்பார்களாம். ஒன்றரை வருடத்தில் மூன்றே பேர் வாங்கியிருக்கிறார்கள்.

"இத்தனை படிச்சவங்க இருக்கீங்க, மூணு பேர்தானா?"

"படிக்கப் படிக்கத்தான் பாட்டி அது கஷ்டம்" என்றாள் பேத்தி.

குளங்களை ஆராய்கிற ஒரு அம்மா பேசினார். பூட்ஸில் முழங்கால் வரை காய்ந்த சேறு. குளத்து டாக்டர் என்று மனதுக்குள் பெயர் வைத்துவிட்டேன். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று, "நம்ம குளத்தைக் கெடுக்கிறதுல முக்கியமான ஒண்ணு, நாம போடுற ரொட்டி" என்றார்.

ரொட்டி. அழுகுகிறதாம். தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றைத் தீர்த்துவிடுகிறதாம். பாசிக்கு உரமாம். வாத்து சோம்பேறியாகித் தானாக மேய்வதை விட்டுவிடுமாம்.

நான் எழுந்துவிட்டேன். "பதினோரு வருஷமா நான் போடுறேன். ரொட்டி தின்னு செத்த வாத்து ஒண்ணைக் காட்டுங்க. இருபத்தாறு வருஷம் ரொட்டி சுட்டவ சொல்றேன், ரொட்டி யாருக்கும் கெடுதல் பண்ணாது."

டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "சோதிச்சுப் பாக்கலாமேம்மா. ரெண்டு ஜாடி போதும்" என்றார்.

பேத்தியைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேத்தி, என் பேத்தி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். அவள் கூட்டத்தில் அவளையே தலைகுனிய வைத்துவிட்டேனா? இல்லை, கூட்டிப்போய் வைத்து அவள்தான் என்னை அவமானப்படுத்தினாளா? வீடு வரை இருவரும் பேசவில்லை.

ஜூன் 7, சனி
ரொட்டி போட்டேன். வேண்டுமென்றே மூன்று.

ஜூன் 9, திங்கள்
காபித்தூள் வந்த கண்ணாடி ஜாடி இரண்டு. இரண்டிலும் குளத்துத் தண்ணீர். ஒன்றில் ஒரு துண்டு ரொட்டி, மற்றதில் ஒன்றுமில்லை. சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். அந்த டாக்டரம்மா மூக்கை உடைக்காமல் விடப்போவதில்லை.

இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். ரொட்டி ஜாடியை நிழல் விழுகிற மூலையில் வைத்தேன். வெறும் தண்ணீரை வெயிலில் வைத்தேன். வெயில் பட்டால் எதுவும் சீக்கிரம் கெடும் என்பது எனக்குத் தெரியாதா? ரொட்டிக்குச் சின்ன ஒத்தாசை. அவ்வளவுதான்.

ஜூன் 11, புதன்
மருமகள் ஜன்னலைப் பார்த்துவிட்டாள். "என்ன அத்தை, வீட்டுக்குள்ள சாக்கடை வளக்குறீங்களா?"

"ஆராய்ச்சி" என்றேன்.

"எத்தனை நாளைக்கு?"

"நான் ஜெயிக்கிற வரைக்கும்."

பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். ஆறு நாளில் முதல் சிரிப்பு.

ஜூன் 13, வெள்ளி
ரொட்டி ஜாடி பால்போல் கலங்கியிருக்கிறது. மேலே நுரை. மற்றது பச்சைதான், ஆனாலும் அந்தப் பக்கம் தெரிகிறது. நாளைக்கு ரொட்டி ஜாடியும் தெளிந்துவிடும்.

ஜூன் 14, சனி
தெளியவில்லை.

ஜூன் 16, திங்கள்
ரொட்டி ஜாடியின் மூடியைத் திறந்தேன். முகத்தில் அறைந்தது. நாற்றத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, எனக்குப் பழக்கமான ஒன்று. பேக்கரியில் ராத்திரி முழுக்கப் புளித்த மாவுத் தொட்டியைக் காலையில் திறப்போமே, அப்போது குனிந்தால் மூச்சு முட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம், "குனியாதே, தொட்டிக்குள்ள காத்து செத்துக் கெடக்கு" என்று நான்தான் சொல்வேன்.

நான்தான் சொல்வேன்.

தொட்டிக்குள் அப்படி என்றால் ஜாடிக்குள்? குளத்துக்குள்? தினம் என் ரொட்டி இரண்டு, கண்டக்டருடையது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வருகிறவர்கள் பை பையாக... இதில் மீன் எதைச் சுவாசிக்கும்? யார் எதைக் கொட்டுகிறார்களோ என்று எழுதினேனே, கொட்டினது நான்.

அதுவும் நிழலில் வைத்து. அத்தனை சலுகை கொடுத்தும் தோற்றுவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. ஜாடியைக் கொட்டவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்
வெறுங்கையோடு குளம். மேனேஜர் கரையேறி வந்து என் செருப்பைக் கொத்தினான். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"பேத்தி சொல்லிக் குடுத்தாளாக்கும்."

"ஜாடி சொல்லிச்சு."

"ஜாடி பேசுதா? இனி உங்களைத் தனியா வெளிய விடக்கூடாது" என்று தன் ரொட்டியை வீசினார்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன். நான் மட்டும் என்னவாம்? அந்த மூன்று கால் முயலைப் பதினோரு வருடம் நானும்தானே வளர்த்தேன்.

ஜூலை 2, புதன்
நாளை கூட்டம். போகவா, வேண்டாமா?

தப்பு என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததே இல்லை. கட்டினவரிடம்கூடச் சொன்னதில்லை, பாவம், அவரும் எதிர்பார்த்ததில்லை. அஞ்சாவதோடு நின்றவள் ஒரு தப்பை ஒத்துக்கொண்டால், "அதான், படிக்காதவ" என்று முடித்துவிடுவார்கள். அந்தப் பயம்தான் இத்தனை வருட விறைப்பா?

"நீ வந்தே ஆகணும்னு இல்ல பாட்டி" என்றாள் பேத்தி, மெதுவாக. அவள் என்னிடம் இப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசுவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 4, வெள்ளி
போனேன். மடியில் பை, பைக்குள் இரண்டு ஜாடி.

மேசையில் வைத்து ரொட்டி ஜாடியைத் திறந்ததும் முன்வரிசை தன் கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு பின்வரிசைக்குப் போய்விட்டது. மாவுத் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். "போன மாசம் சத்தம் போட்டேன். நான் நினைச்சது தப்பு" என்றேன். இதையும் சத்தமாகத்தான்.

மருந்துக்கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். "ரெண்டு ஜாடியும் ஒரே எடத்துலதான இருந்துச்சும்மா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம், ஜாடியா வந்து சாட்சி சொல்லப்போகிறது? பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல. ரொட்டியை நிழல்ல வெச்சேன். அது ஜெயிக்கணும்னு."

மாடியே சிரித்தது. டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ரொட்டிக்குச் சாதகமா வெச்சும் தோத்துச்சுன்னா, அதைவிட நல்ல சாட்சி எங்கம்மா கெடைக்கும்? ஆனா அடுத்த தடவை ஒரே எடம்" என்றார்.

பேத்திதான் மஞ்சள் கோப்பையைக் கொண்டுவந்தாள். விளிம்பு வரை எலுமிச்சை ஜூஸ். "ரெண்டு தப்பு பாட்டி. அதான் தளும்பத் தளும்ப."

வீடு வரை பேசிக்கொண்டே வந்தோம். பாதித் தூரத்துக்கு அவள் என் கையைப் பிடித்திருந்தாள், பிறகு நான் அவள் கையை.

முன்பு கோப்பை வாங்கிய மூன்று பேரும் பட்டதாரிகள். நாலாவது அஞ்சாம் வகுப்பு. தெருவில் சொல்லாமல் விடுவேனா?

ஜூலை 9, புதன்
கண்டக்டர் ரொட்டி இல்லாமல் வந்தார். ஏன் என்றேன். "கடையில தீந்துபோச்சு." அவ்வளவு பெரிய மீசை, ஒரு துளி மண் ஒட்டவில்லை. எனக்கு அந்தக் கடை தெரியும், அங்கே ரொட்டி தீராது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்
தண்ணீர் இன்னும் பச்சைதான். ஒரு மாதத்தில் மாறிவிடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

மேனேஜர் கரைக்கு வரவில்லை. நடுக்குளத்தில் தலையை உள்ளே விட்டு, வாலை வானத்துக்குக் காட்டிக்கொண்டு மேய்கிறான். பின்னாலேயே மற்றப் பத்தும். தலையைத் தூக்கினான், என் பக்கம் ஒரு தடவை பார்த்தான், மறுபடி உள்ளே போய்விட்டான். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

கண்டக்டர் பெஞ்சில் நகர்ந்துகொண்டார். "எல்லாரும் உள்ள போயாச்சு. உக்காருங்க, எடம் இருக்கு."