முன்னியின் தயிர்ச்சோறும் அப்பாவின் ஸ்பூனும்

மயூர் விஹார், தில்லி
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்தபின்

என் அன்பு மகள் ரெபேக்காவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறேன். உன் முன்னியும் சுகம், வாலாட்டிக்கொண்டு என் காலடியில்தான் படுத்திருக்கிறாள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் எங்காவது வாசித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். போனில் சொல்ல வேண்டிய விஷயத்தை ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அவரை வைத்துக்கொண்டு இதைப் பேச முடியாது. துவாரகாவில் இருக்கிற உஷாராணி ஆன்ட்டியின் மருமகன் இந்த வாரம் டொராண்டோ புறப்படுகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு பள்ளியில் படித்த தமிழை மறந்திருக்க மாட்டாய், எழுத்துக்கூட்டி மெதுவாகவே வாசி. இங்கே வேலைக்கார மஞ்சு சட் பூஜைப் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டாள், பாத்திரமெல்லாம் என் தலையில்தான். புகை இந்த வருஷமும் தொடங்கிவிட்டது, ஜன்னலைத் திறக்க வழியில்லை.

மழைக்காலத்தில் முன்னியின் பின்னங்காலில் புண் வந்ததும், மாதுரி டாக்டர் மாற்றி மாற்றி மாத்திரை கொடுத்தும் ஆறாமல் முதுகு வரை படர்ந்ததும் உனக்குத் தெரியும். பிறகு சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வழக்கமாக நாய்க்குக் கொடுக்கிற மருந்து எதற்கும் அந்தக் கிருமி அசையாது, இப்போது யாரும் அதிகமாக எடுக்காத ஒரு பழைய மருந்துக்குத்தான் கேட்கும் என்று தெரிந்தது. அன்றைக்கு எனக்கு முட்டிவலி, டாக்டரிடம் அப்பா தனியாகத்தான் போனார். பக்கத்துக் கடைகளில் கிடைக்காமல் மெட்ரோ பிடித்துச் சாந்தினி சௌக் போய், பாகீரத் பேலஸ் மருந்துச் சந்தையில் கடை கடையாக ஏறி வாங்கி வந்தார். என்ன மருந்து என்று கேட்டதற்கு ஏதோ ஆன்டிபயாடிக் என்றார், நானும் விட்டுவிட்டேன். வார்டு வார்டாக மருந்து கொடுத்தே தலை நரைத்தவள் நான், என் வீட்டுக்குள் வந்த மருந்தின் பெயரைப் படித்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உன் அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். முன்னியின் தயிர்ச்சோற்றை அடுக்களையில் பிசையாமல் பால்கனியில் போய் உட்கார்ந்து பிசைந்தார். நான் கிட்டே போனால் அங்கேயே நில்லு என்று அதட்டினார். அவள் தட்டை மஞ்சுவையும் தொட விடவில்லை, என்னையும் தொட விடவில்லை, தனி நார் வைத்து அவரே கழுவினார். சோப்புப் போட்டுப் போட்டுக் கை வெடித்துப்போனது. ஊரிலிருந்து வந்த கருப்பட்டி டப்பா வேறு என்னவென்றே தெரியாமல் காலியாகிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும்விட, சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனை எடுத்துவைத்துக்கொண்டார். ஸ்பூனால் சாப்பிட்டால் சோறு தொண்டையில் இறங்காது என்று கல்யாண வீட்டில்கூடச் சண்டை போடுகிற மனுஷன். மீன் குழம்பை ஸ்பூனால் சாப்பிடுகிற நாகர்கோவில்காரனை அன்றைக்குத்தான் பார்த்தேன், முள்ளை எடுக்கத் தெரியாமல் ஒரு வாய்க்கு ஒரு யுகம் ஆனது. பென்ஷன் வாங்கினதும் துரை ஆகிவிட்டார் என்று சபையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

போன வாரம் முன்னி வாந்தி எடுத்தாள், எழுந்து நிற்கப் போனவள் பின்னங்கால் இரண்டும் நடுங்கி வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆட்டோக்காரரைக் கெஞ்சி அவளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு இரண்டு பேருமாக ஓடினோம். மாதுரி டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த மருந்து சில நாய்களுக்கு இப்படிப் பின்னங்காலைத் தளர்த்தும், நிறுத்தினால் சரியாகிவிடும், புண்ணும் ஏறக்குறைய காய்ந்துவிட்டது, இன்றோடு நிறுத்திவிடலாம் என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். பிறகு அந்த டாக்டர் பெண் அப்பாவைப் பார்த்துச் சாதாரணமாக, அங்கிள், கேப்சூலை உடைக்காமல்தானே கொடுத்தீங்க, க்ளவ்ஸ் போட்டுக்கிட்டுத்தானே என்று கேட்டாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார். என்ன கேப்சூல் என்று நான் கேட்டேன். குளோரம்பெனிகால் என்றாள்.

ரெபேக்கா மக்களே, நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். நான் நர்ஸிங் படித்த காலத்தில் டைபாய்டு வார்டில் கொடுத்த மருந்து அது. உயிரைக் காப்பாற்றும், ஆனால் பல ஆயிரம் பேரில் யாரோ ஒருவருக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும், அந்த ஒருவர் யார் என்று முன்னால் யாராலும் சொல்ல முடியாது என்று எங்கள் மேட்ரன் சொல்லிச் சொல்லி எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நிறையச் சாப்பிட்டால்தான் வரும் என்றும் இல்லை, மருந்தை நிறுத்தி மாதங்கள் கழித்தும் வரலாம். அதனால்தான் பாலுக்கும் கறிக்கும் வளர்க்கிற பிராணிக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நாய்க்கு அந்த ஆபத்து பெரிதாக இல்லையாம், மருந்தைத் தொடுகிற மனிதருக்குத்தான். அதுவும் நாயின் உடம்பு சீக்கிரம் வெளியேற்றிவிடும் என்று தினம் மூன்று வேளை. மூன்று வேளையும் உன் அப்பா அந்தத் தூளை வெறுங்கையால் பிசைந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், டாக்டர் உங்ககிட்ட முதல்லயே சொல்லலியா என்று கேட்டேன். தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன், திட்டுவதற்கும் தயாராக இருந்தேன். எல்லாம் சொல்லிச்சு, க்ளவ்ஸ் டப்பாவும் தந்துச்சு என்றார். முழுசாகக் கொடுத்தால் முன்னி துப்பிவிடுகிறாளாம், க்ளவ்ஸ் போட்ட கையின் ரப்பர் வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம், உடைத்துப் போட்டால் கசக்கிறது என்று கருப்பட்டி சேர்த்து அவர் கையால் பிசைந்து ஊட்டினால்தான் இறங்குகிறதாம். தூள் பட்ட கை என் சோற்றுப் பாத்திரத்தில் படாமலிருக்க ஸ்பூன், பிறகு தனி நார், பால்கனி, எல்லாம் எனக்கு ஒன்றும் வரக்கூடாது என்று. தெரிந்தே செய்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, ஏன் இப்படிச் செய்தீங்க என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன், ஆட்டோக்காரன் திரும்பிப் பார்த்தான். அவர் முன்னியின் தலையைத் தடவிக்கொண்டே, பிள்ளை ஏர்போர்ட்ல வச்சு சொல்லிட்டுப் போனால்லா, முன்னிக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்ப்பான்னு என்றார்.

மறுநாளே ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வெள்ளணு, சிவப்பணு, தட்டணு எல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருக்கின்றன, ஸ்தோத்திரம். வர வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் சில மாதத்துக்கு விட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்கிறார். குறைவு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் குளித்துவிட்டு வரும்போது கையிலும் காலிலும் எங்காவது கன்றிப்போயிருக்கிறதா என்று பார்க்கிறேன், கண் இமையை இழுத்துச் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன், பல் தேய்த்துத் துப்பினால் எட்டிப் பார்க்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முன்னியிடம் புகார் சொல்கிறார். முன்னி நன்றாக நடக்கிறாள், புண் இருந்த இடத்தில் முடி முளைக்கிறது. ஸ்பூனை நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன். நேற்று நெத்திலி அவியல் வைத்தேன், பழையபடி விரலை நக்கிச் சாப்பிட்டார், எனக்குத்தான் ஒரு வாயும் இறங்கவில்லை.

நீ பதறி டிக்கெட் எதுவும் போடாதே, கிறிஸ்துமஸுக்கு வருவதாகச் சொன்னபடியே வா. காதை மூடுகிற தொப்பி போட்டுக்கொள், ராத்திரி ஷிஃப்ட் என்றால் சூடாக ஏதாவது குடித்துவிட்டுப் போ. நான் எழுதினேன் என்று அப்பாவுக்குக் காட்டிக்கொள்ளாதே, போனில் மட்டும் ரத்தப் பரிசோதனைக்குப் போனீங்களா என்று மாதாமாதம் கேள், நான் சொன்னால் கேட்க மாட்டார். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் கைவேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. உயிரோடு இருக்க மாட்டேன், செத்துப்போவேன் என்றெல்லாம் இனி விளையாட்டுக்குக்கூட அப்பாவிடம் சொல்லாதே. நீ சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போய்விடுவாய், அவர் அதை இங்கே மூன்று வேளையும் பிசைந்துகொண்டிருப்பார்.

உன் அன்புள்ள அம்மா,
ஜெயசீலி கிறிஸ்துதாஸ்