ஐந்தாம் நாள் ஆட்டத்தில் நடந்தது

மூங்கில்மலைத் தோட்டம், கீழ் டிவிசன்,
கொட்டகலை.
22-1-1962

அன்பு மகன் அழகுமுத்துவுக்கு அம்மா பூரணி எழுதுவது. சென்னையில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க நம் மாரியம்மனை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நானும் உன் தங்கச்சி மீனம்மாவும் சுகம். அப்பாவும் சுகம் என்று வழக்கம்போல எழுதி மற்றதை மறைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன், அதற்குள் உன் தந்தி வந்துவிட்டது. அப்பாவை ஆண்டியப்பன் அடித்துவிட்டான் என்று யாரோ உனக்கு எழுதியிருக்கிறார்கள், நீயும் வெள்ளிக்கிழமைக் கப்பலில் வருகிறேன் என்று கொடுத்துவிட்டாய். வராதே. தபால் கந்தோரில் அந்த ஒரு வார்த்தையைத் தந்தியாகக் கொடுத்திருக்கிறேன், காரணத்தை இந்த ஏர்மெயிலில் எழுதுகிறேன். முழுவதும் படி. பாதியில் கசக்கிப் போட்டுவிட்டு ரயில் ஏறாதே, உன் கோபம் எனக்குத் தெரியும், என் வயிற்றிலிருந்து போன கோபம்தானே அது.

டெஸ்ட் மேட்சுக்கு வந்தவர்களுக்கு நெட்டில் பந்து போட்டேன் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை அப்பா லயம் லயமாக, வீட்டுக்கு வீடு போய்ப் படித்துக் காட்டினார். பந்து போடுவதற்காகவே ஒரு கம்பெனி வேலை கொடுக்கிறது, மாதம் நூற்றிருபது ரூபாய், இந்தச் சனிக்கிழமை லீக் ஆட்டத்தில் நன்றாகப் போட்டால் வேலை நிரந்தரம் என்ற இடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள், நம்பவில்லை. நானே நம்பவில்லை தம்பி. எல்லைக்கு ஓடிப் பந்தைப் பொறுக்கிவந்தால் துரை ஐந்து சதம் வீசுவார், கிரிக்கெட்டில் நமக்குத் தெரிந்த சம்பளம் அவ்வளவுதான். அப்பா துரைமார் கிளப் மைதானத்தில் இருபது வருஷம் உருளை இழுத்தார், நான் ஸ்கோர் பலகையில் தகர நம்பர் மாட்டினேன், அதற்கு ஒரு துண்டு கேக்கும் தேத்தண்ணியும் கிடைக்கும். அப்போது புல் வெட்டுவதிலிருந்து பந்து வாங்குவது வரைக்கும் லண்டன் கம்பெனி கொடுத்தது. தேயிலை விலை இறங்கிவிட்டது என்று அவர்கள் கையை மடக்கினதும் கிளப்புக்காரர்கள் வெளியூர் டீம்களைக் கூப்பிட்டு, சுற்றிக் கயிறு கட்டி, வேடிக்கை பார்க்க இருபத்தைந்து சதம் என்று ஆரம்பித்துவிட்டார்கள். மண்வெட்டி பிடித்து அந்த இடத்தை மட்டமாக்கியது நம் ஆட்கள், நமக்கும் டிக்கெட். அங்கே சென்னையில் டிக்கெட் வாங்கச் சனம் விடிய விடியக் கியூவில் நின்றதாமே. இவ்வளவு காசு ஒரு பந்துக்குப் பின்னால் ஓடும் என்று தெரிந்திருந்தால் உன்னைக் கொழுந்து மூட்டை தூக்கச் சொல்லி அடித்திருக்க மாட்டேன்.

கிளப்பில் கயிறு கட்டியதைப் பார்த்துத்தான் ஆண்டியப்பனுக்கும் புத்தி அந்தப் பக்கம் போனது. தோட்டத்தில் வேலைக்கு வந்த ஆட்களுக்கு நாள் பேர் போடும் கணக்கப்பிள்ளை அவன், பெட்டரி ரேடியோ வைத்திருப்பதும் அவன் ஒருவன்தான். சென்னையில் டெஸ்ட் மேட்ச் தொடங்கிய அன்று வீட்டு முற்றத்தைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டான். கயிறு கட்டக் கம்பு வேண்டும் என்று கிளப்பில் கழித்துப் போட்ட பழைய ஸ்டம்புகளை அப்பாவையே கொண்டுவரச் சொன்னான், அப்பாவே மண்ணில் அடித்தும் கொடுத்தார். உள்ளே உட்கார்ந்து கேட்க ஆளுக்குப் பத்துச் சதம். காசு இல்லாதவனுக்குச் சம்பளத்தில் பிடிப்பானாம். பெண்கள் கயிற்றுக்கு வெளியே தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் சும்மா நிற்கலாம், வாய் மட்டும் திறக்கக்கூடாது. ரேடியோவில் இங்கிலீஷில் சொல்வதை அப்பாதான் தமிழில் சொல்லவேண்டும், அதனால் அவருக்குக் காசு இல்லை. நான்கு நாளும் உன் அப்பாவுக்கு இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே, ஏதோ அவரே மைதானத்தில் நிற்பதுபோல. நடுநடுவே, நம்ம பய நெட்டுல போட்ட பந்துலதான்யா இவன் பழகியிருக்கான் என்று வேறு சேர்த்துக்கொள்வார். யாருக்குத் தெரியப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் பொங்கலுக்கு மறுநாள், தோட்டத்தில் வேலை இல்லை. இந்தியா ஜெயிக்கப் போகிறது என்று முந்தின நாளே பேச்சாகிவிட்டது. விடிந்ததும் ஆண்டியப்பன் பத்துச் சதத்தை இருபத்தைந்து ஆக்கினான், முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்கள். இங்கிலாந்துக்காரன் ஒவ்வொருவனாக அவுட் ஆகிக்கொண்டு வந்தான். ஆட்டக்காரர்கள் தண்ணீர் குடிக்க நின்ற நேரத்தில் இவன் எழுந்து ரேடியோவை அணைத்துவிட்டான். கடைசி விக்கெட் கேட்கணும்னா இன்னும் இருபத்தஞ்சு சதம் வைங்க, இல்லாட்டி எழும்பிப் போங்க, சத்தம் போடுறவனுக்கு நாளைக்கு அரைப்பேருதான் என்றான். அரைப்பேர் விழுந்தால் முழு நாள் வேலைக்குப் பாதிச் சம்பளம், அந்தப் பயத்தில் நாற்பது ஆம்பிளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்பா மட்டும் எழுந்துபோய், சனங்க குடுத்த காசுக்குக் கேட்டுட்டுப் போகட்டும் கணக்கப்புள்ள என்று சொல்லிக்கொண்டே ரேடியோவை மறுபடி போட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவன் அப்பாவின் பிடரி மயிரைப் பிடித்து முகத்தை ரேடியோவில் மோதினான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. இரண்டாவது மோதலில் ரேடியோவின் கண்ணாடி உடைந்தது, உடைந்த கண்ணாடியிலேயே மூன்றாவது தடவையும் மோதினான். உள்ளே அந்த இங்கிலீஷ் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. அப்பா நிமிர்ந்தபோது வலது கண் இருந்த இடத்தில் ரத்தமும் கண்ணாடியும்தான் இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன, அந்தக் கண் போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்து, கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரைக்கும் குனிந்திருந்தவர்கள் அப்போதுதான் எழுந்தார்கள். உன் அத்தை மகன் மூக்கன் கத்திக்கொண்டு பாய்ந்து ரேடியோவைத் தூக்கி வாசல் படியில் அடித்தான். ஆண்டியப்பனின் மச்சான்மார் இரண்டு பேர் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்தார்கள், நம் ஆட்களில் ஒருவனுக்குக் கன்னம் கிழிந்து பல் தெரிந்தது, ஒருவனுக்கு விரல் துண்டாகிப் போனது. பொங்கல் கோலத்தின்மேல் ஆட்கள் புரண்டார்கள், யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மேட்ச் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. இந்தியா ஜெயித்துவிட்டது என்று மறுநாள் அலியார் கடைப் பேப்பரில்தான் தெரிந்தது.

இனி எழுதப்போவது உனக்கு மட்டும். அந்தக் கூட்டத்துக்குள் ஆண்டியப்பனுக்குப் பின்னால் இருந்து யாரோ அடித்தார்கள், அவன் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், வலது முழங்கால் நொறுங்கிவிட்டது, இனி மடங்காதாம். அடித்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. நான்தான் அடித்தேன். கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடும்போது ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டேன், எப்படிப் பிடுங்கினேன் என்று தெரியவில்லை, அப்பா ஆழமாகத்தான் அடித்திருந்தார். முதல் அடியை மண்டைக்குத்தான் ஓங்கினேன், அவன் திரும்பியதால் தோளில் விழுந்தது. இரண்டாவதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். மூன்றாவது அடி அவன் மல்லாந்து கிடந்தபோது அதே முழங்காலில். முதல் இரண்டும் ஆத்திரத்தில் அடித்தது. மூன்றாவது அடியை நான் இடம் பார்த்து, நின்று, இரண்டு கையாலும் அடித்தேன். எலும்பு உடையும் சத்தம் கேட்டது, நல்லா உடையட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன். இன்றைக்கும் அதற்காக அழுகை வரவில்லை, அதை நினைத்துத்தான் எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருக்கிறது. ஸ்டம்பைக் கானில் எறிந்துவிட்டு அப்பாவின் தலையை மடியில் எடுத்துக்கொண்டேன், எல்லாரும் பார்த்தது என்னை அந்தக் கோலத்தில்தான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். போலீஸ் வந்ததும் ரேடியோவை உடைத்தவன்தானே காலையும் உடைத்திருப்பான் என்று மூக்கனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றேன். இப்படி அடிக்கப் பொம்பளையால் ஆகாது, பலமான ஆம்பிளைதான் என்று போலீஸ் சார்ஜன் சிங்களத்தில் சொன்னது எனக்கும் விளங்கியது. ஏழு நாளாக மூக்கன் உள்ளே இருக்கிறான். உள்ளங்காலில் அடித்திருக்கிறார்கள், ஒரு காதில் சத்தமே கேட்கவில்லையாம். சாப்பாடு கொடுக்கப் போன உன் அத்தை வந்து என் மடியில்தான் விழுந்து அழுகிறாள், மதினி, எம்புள்ள அடிக்கலன்னு சத்தியம் பண்றான், யாரு அடிச்சான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறான் என்கிறாள். அவன் என்னைப் பார்த்தான் தம்பி. மூன்றாவது அடி ஓங்கும்போது எனக்கு நேர் எதிரே நின்றான், கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டோம். தெரிந்துகொண்டேதான் எனக்காக அடி வாங்குகிறான், நான் அவன் அம்மாவின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடக் கேவலமான காரியம் நான் பிறந்ததிலிருந்து செய்ததில்லை.

அதனால் நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். நான்தான் அடித்தேன் என்று சொல்வேன், நம்பவில்லை என்றால் ஸ்டம்பு கிடக்கும் கானைக் காட்டுவேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருப்பவரிடம் எப்படிச் சொல்வது, பஸ்ஸுக்குப் போகுமுன் சொல்லிவிடுவேன். எத்தனை வருஷம் போடுவார்களோ தெரியாது. நீ இப்போது வந்தாயானால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும், நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலில் கிடப்பவனை முடித்துவிட்டுத்தான் என் முகத்தில் விழிப்பாய். அவனுக்கு விழவேண்டிய அடி விழுந்துவிட்டது, உனக்கென்று எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை. மூக்கனை வெளியே விட்டுவிட்டு உன்னை உள்ளே அனுப்பத்தானா நான் போகிறேன்? ஜெயிலுக்கு நம் வீட்டிலிருந்து ஒரு ஆள் போதும்.

நீ சனிக்கிழமை பந்து போடு. அந்தக் கம்பெனிக்காரன் வாயால் சொல்வதை நம்பாதே, கிளப்புக்காரர்களும் நமக்கு வாயால்தான் எல்லாம் சொன்னார்கள், சம்பளம் எவ்வளவு, தோள் பிசகினால் வேலை இருக்குமா இல்லையா, இரண்டையும் காகிதத்தில் எழுதி வாங்கு. வக்கீலுக்கென்று எனக்குக் காசு அனுப்பாதே, அனுப்புவதை மூக்கன் காதுக்கு வைத்தியம் பார்க்க உன் அத்தை பேருக்கு அனுப்பு, நாம் கொடுக்கவேண்டியது அது. மீனம்மாவைக் கொழுந்து பறிக்க அனுப்பவேண்டாம் என்று அப்பாவுக்கு எழுது, நீ சொன்னால் கேட்பார். வெறும் வயிற்றில் ஆடப் போகாதே, இரவில் தோளுக்கு நல்லெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொள்.

எங்கே இருந்தாலும் நீ தலைநிமிர்ந்து, நீண்ட ஆயுளோடு, யார் காலையும் பிடிக்காமல் வாழ அந்தத் தாய் துணையிருப்பாள், நானும் இருப்பேன். சனிக்கிழமை எத்தனை விக்கெட் எடுத்தாய் என்று மறக்காமல் அப்பாவுக்கு எழுது, மீனம்மா படித்துக் காட்டுவாள். எனக்கென்று தனியாக எழுதாதே ராசா, அங்கே கடிதத்தைக் கையில் கொடுப்பார்களோ என்னவோ.

உன்னைப் பெற்றவள்,
மா. பூரணி