உள்பக்கம் மடங்கிய கம்பி

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். குட்டியிடம் காட்டவே காட்டாதீர்கள், ஒன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் இதைவிட நன்றாக எழுதுவாள். இது என் இடது கை. தினம் ஒரு பக்கம் எழுதியே ஆக வேண்டும் என்று பிசியோதெரபி அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "என்னத்தைங்க எழுதுறது?" என்று கேட்டேன். "யாரையாவது திட்டி எழுதுங்க, கை சீக்கிரம் பழகிடும்" என்றார். திட்ட ஆள் கிடைக்காததால் உங்களுக்கு எழுதுகிறேன். போனில் நாலு வார்த்தை பேசி ஏமாற்றாமல் நீங்களும் எழுத வேண்டும்.

கட்டுப் பிரித்தாயிற்று. வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம். சட்டைப் பொத்தான் போட கால் மணி நேரம் ஆகிறது. இல்லாத நடுவிரல் அரிக்கிறது மாமா. எங்கே போய்ச் சொறிவது, சொல்லுங்கள்.

விபத்து நடந்த மறுவாரமே உங்களை வேறு ஊர்த் தொழிற்சாலைக்கு மாற்றாமல் இருந்திருந்தால், நீங்களும் அக்காவும் இப்போது பக்கத்திலேயே இருந்திருப்பீர்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. காப்புக் கதவு திறந்திருந்தால் பிரஸ் மெஷின் ஓடாமல் நிற்க ஒரு சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதை நானே கம்பியால் கட்டிவிட்டு, கதவைத் திறந்துபோட்டு ஓட்டினேனாம். ஆகவே விபத்து என் சொந்தக் குற்றமாம். வேலையிலிருந்து நீக்கமாம். பதினோரு வருட வேலைக்கு ஒரே ஒரு காகிதம்.

சத்தியமாக நான் கட்டவில்லை. காலை ஷிப்டுக்கு நான் போகும்போதே கட்டித்தான் இருந்தது. தொழிலாளர் உதவி மையத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார். "இப்படித் தூக்கிப் போட அவங்களுக்கு உரிமையே கிடையாது. இந்தக் கையால என்ன வேலை செய்ய முடியுமோ அதைக் குடுத்தாகணும். கருணைக்காக இல்ல, சட்டம் அப்படி" என்கிறார். ஆனால் நானே கட்டினேன் என்று தீர்ப்பாயம் நம்பிவிட்டால் எல்லாம் போச்சு. மார்ச் 6 விசாரணை. கட்டியது யார் என்று தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் போதுமாம்.

அங்கே மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தது நீங்கள்தானே. நாலு பேரை விசாரித்து எழுதுங்கள்.

இடது கையுடன்,
உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 21

அன்பு மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்து ஒன்றும் மோசமில்லை, என் எழுத்துக்கு எவ்வளவோ தேவலை. உன் அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் "ஒழுங்கா சாப்பிடுறானான்னு ஒரு வரி எழுதியிருக்கானா பாருங்க" என்று என்னைத் திட்டினாள். உன்னைத் திட்ட முடியாதபோதெல்லாம் நான்தானே கிடைக்கிறேன்.

கம்பெனி குவார்ட்டர்ஸ் வசதியாகத்தான் இருக்கிறது. இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் இடம். நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது. குட்டி பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடுகிறாள். முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அவள் மாமா நீ வரும்வரை சிரிக்க மாட்டாளாம்.

கட்டியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லா ஷிப்டிலும் நடக்கிற காரியம் அது, உனக்குத் தெரியாததா? கேஸ், விசாரணை என்று அலைந்து யார் என்ன கண்டார்கள்? நான் மேனேஜரிடம் பேசினேன். மனிதர் அப்படியொன்றும் கெட்டவரில்லை. ஒரு காகிதம் அனுப்புவாராம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் வாசலில் காவல் வேலை தருகிறேன் என்கிறார். உட்கார்ந்த இடத்தில் வேலை. பிடிவாதம் பிடிக்காமல் வாங்கிக்கொள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

கையைக் குளிரில் வைக்காதே.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அக்காவிடம் சொல்லுங்கள். கரண்டியோடு சண்டை போட்டுத்தான், ஆனாலும் சாப்பிடுகிறேன். நேற்று ஷூ லேஸ் கட்டிவிட்டேன். பிசியோதெரபி அம்மா கை தட்டினார். முப்பத்தாறு வயதில் லேஸ் கட்டியதற்குக் கைதட்டல் வாங்கிய ஆள் நம் குடும்பத்தில் நான் ஒருவன்தான்.

மேனேஜரின் காகிதம் வந்தது. மூன்றாவது வரியில் "சுவிட்சைக் கட்டியது நானே" என்று இருக்கிறது. நீங்கள் அதைப் படித்தீர்களா, படிக்காமலேயே எனக்குச் சொன்னீர்களா?

கட்டியிருப்பதைப் பார்த்தும் நான் ஓட்டினேன், மாமா. அதை எங்கே வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வேன். அவிழ்த்தால் ஒவ்வொரு தடவையும் கதவை மூடித் திறக்க நேரமாகும், ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது. எண்ணிக்கை குறைந்தால் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் காட்டுக் கத்தல் கத்துவார். அதற்குப் பயந்து ஓட்டினேன். ஆனால் செய்யாததைச் செய்தேன் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது.

போன வாரம் வக்கீலம்மா ஒரு போட்டோ காட்டினார். விபத்து நடந்த அன்றைக்கே தொழிற்சாலை ஆய்வாளர் எடுத்தது. சுவிட்ச் பெரிதாகத் தெரிகிறது. மற்றவர்கள் கட்டினால் கம்பியின் நுனி இரண்டும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். இதில் இரண்டு நுனியும் உள்பக்கம் மடங்கியிருக்கின்றன. மேலே கறுப்பு டேப் மூன்று சுற்று.

உங்கள் பழைய வீட்டு கேட் ஞாபகம் வந்தது. குட்டி நடை பழகியபோது அதில் கட்டியிருந்த கம்பி அவள் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. நீங்கள் அன்று சாப்பிடவே இல்லை. அதற்கப்புறம் எங்கே கம்பி கட்டினாலும் நுனியை உள்பக்கம் மடக்கி டேப் சுற்றாமல் நீங்கள் நகர்ந்ததில்லை. யார் கையும் கிழியக் கூடாது என்பீர்கள்.

"யார் கட்டினதுன்னு தெரியுதா?" என்று வக்கீலம்மா கேட்டார். "தெரியலீங்க" என்றேன்.

உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். சொன்னால் என் அக்காவும் குட்டியும் நடுத்தெருவில் நிற்பார்கள். ஆனால் அந்தக் காகிதத்தில் கையெழுத்தும் போட மாட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 19

மாமாவுக்கு,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. அக்கா போன் செய்தாள். "என்னடா எழுதித் தொலைச்சே? மனுஷன் சரியா தூங்குறதில்ல, தட்டை வச்சா எழுந்து போயிடுறார்" என்றாள். எழுத்து புரியாமல் போயிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் நம்பவில்லை.

விசாரணை 6ஆம் தேதி, காலை பத்தரை மணி. ஞாபகப்படுத்துவதற்காக எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.


பிப்ரவரி 27

மாப்பிள்ளைக்கு,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. போட எனக்கு யோக்கியதையும் இல்லை.

நான்தான் கட்டினேன். அன்று விடியற்காலையில், ஷிப்ட் தொடங்குவதற்கு முன்னால். "எண்ணிக்கை பத்தல, சுவிட்சைக் கட்டிவிடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று சூப்பர்வைசர் சொன்னார். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபது வருட பிட்டர், அந்தச் சுவிட்ச் எதற்கு இருக்கிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? கட்டி முடித்து, உன் சட்டைக் கை மாட்டக் கூடாதே என்று நுனியை மடக்கினேன். மெஷினில் அன்று நீதான் என்பது எனக்குத் தெரியும். அதை நினைத்துத்தான் டேப் சுற்றினேன். அடப்பாவி என்று நீ என்னைச் சொன்னாலும் தகும்.

மற்றவர்கள் உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய நேரத்தில் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். மாற்றலும் இந்த வீடும் அன்றைக்கே பேசி முடிந்தன. உன் ரத்தம் என் சட்டையில் காய்வதற்கு முன்னால் நான் தலையாட்டினேன். அந்தக் காகிதத்தையும் படித்துத்தான் உன்னிடம் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

முந்தாநாள் உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். இன்று காலை பெட்டியை எடுத்து வைத்தாள். விட்டுவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன். "ஆறாம் தேதிக்கு நானும் வரேன். உங்களைத் தனியா அனுப்பினா பாதி வழியிலேயே இறங்கிடுவீங்க" என்றாள். என்னை நன்றாகத் தெரிந்தவள்.

என் வாக்குமூலத்தை இதோடு வைத்திருக்கிறேன். கிடைத்த அன்றே வக்கீலம்மாவிடம் கொடுத்துவிடு. ஒருவேளை நான் வராமல் போனாலும் இது இருக்கட்டும்.

உன் அக்காவின் கணவன்


ஏப்ரல் 12

மாமாவுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. குற்றம் என்மேல் இல்லையாம். சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு, கட்டச் சொல்லிவிட்டு ஓட்டியவன் தலையில் போட முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். இந்தக் கைக்கு ஏற்ற வேலையோடு என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்று ஸ்டோரில் சேர்ந்தேன். சேர்ந்ததும் முதலில் பழைய மெஷினிடம்தான் போனேன். புது சுவிட்ச் போட்டிருக்கிறார்கள். ஓடும்போது கதவைத் திறந்தேன், நின்றது. மூடினேன், திறந்தேன், மறுபடியும் நின்றது. நாலு தடவை அப்படிச் செய்தேன். யாரும் கத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீங்கள் வருவீர்கள் என்று எனக்கு நம்பிக்கையே இல்லை. வாக்குமூலம் கையில் இருந்தும் அன்று பத்தரை மணிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கட்டினது நான்தாங்க" என்றீர்கள். சூப்பர்வைசர் சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னீர்கள்.

வெளியே வந்ததும் கை நீட்டினீர்கள். நான் என் கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை. கை வலித்தது, அதனால்தான் என்று எழுதலாம் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பொய் எதற்கு? கோபம்தான். கம்பி கட்டியதற்குக்கூட அவ்வளவு இல்லை. என் நல்லதுக்குத்தான் என்று எழுதி அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னீர்களே, அது இன்னும் தொண்டையில் நிற்கிறது. எப்போது இறங்கும் என்று தெரியவில்லை.

நேற்று அக்கா சொன்னாள். உங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். நீங்களாகவே பொறுப்பில்லாமல் சுவிட்சைக் கட்டினீர்கள், மேலே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது என்று கடிதம் கொடுத்திருக்கிறார்களாம். பெயரைத் தவிர வேறெதுவும் மாறவில்லை போலிருக்கிறது.

நீங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி என்பீர்கள், எனக்குத் தெரியும். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையைச் சொன்னதற்காக ஒருவரை நிறுத்த முடியாது, அதற்கும் சட்டம் இருக்கிறது என்று வக்கீலம்மா சொல்கிறார். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வந்து அவரைப் பாருங்கள். வீடு கிடைக்கும்வரை மூன்று பேரும் இங்கே தங்கலாம். இடம் போதாதுதான், சமாளித்துக்கொள்ளலாம்.

அந்த சூப்பர்வைசர் தினம் தினம் "கட்டு, கட்டு" என்று கத்தியது உங்கள் காதில் மட்டுமா விழுந்தது? அந்த வரிசையில் நின்ற எல்லார் காதிலும்தான் விழுந்தது. முதல் சாட்சியாக என் பெயரை எழுதச் சொல்லிவிட்டேன்.

உங்கள் கையைப் பிடிக்க இன்னும் மனசு வரவில்லை, மாமா. சாட்சி சொல்ல வருகிறேன்.

குட்டியைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள். பல் முளைப்பதற்குள் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை