திறந்திருந்த கேட்

ஈரோடு, ஜூலை 2009

தில்லையம்மாளுக்கு,

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். உன் முட்டிவலி தேவலையா?

எங்கள் மில் நூலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியார் நேற்றுச் சோதனைக்கு வந்தார்கள். எப்போதும் பூட்டியிருக்கும் பெண்கள் விடுதிக் கேட்டை அவர்களுக்காகத் திறந்து வைத்தார்கள். மொழிபெயர்த்தது நான். பிச்சாவரத்துப் பெண் ஒருத்தி மேனேஜரைப் பார்த்தபடியே, "எல்லாம் நல்லாருக்கு சார்" என்றாள். எழுதிக்கொண்டார்கள். பிறகு என்னிடம், "கேட்டு இன்னும் தொறந்துதான் இருக்கா சார்?" என்றாள். அதையும் இங்கிலீஷில் சொன்னேன். "விளையாட்டுப் பொண்ணு" என்று மேனேஜர் சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள்.

மில் வேலைக்கு வந்தால் கல்யாணச் செலவுக்குப் பணம் சேரும் என்று ஆசைகாட்டி அவளை இங்கே விட்டவன் உன் தம்பி பூவராகன். அடுத்து அவன் கூட்டிவரப்போவது அதே ஊர் மங்கம்மா மகள் தீபிகாவையாம். சிதம்பரம் பஸ் ஏறிப் போய்த் தடுத்துவிடு. ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு, நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து தனியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பெயரைப் பார்த்தால், உன் தம்பிமேல் உள்ள பழைய பகையில் எழுதியதாக நினைப்பாய். யாரோ எழுதியதாக நினைத்தாவது நம்பு. கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.