கூண்டில் அரை மணி நேரம்

ஜனவரி 20, 2025, திங்கள்

டாக்டர் கொடுத்த தாளில் நான்கு கட்டங்கள். நேரம், அளவு, அவசரம், கசிவு. ஒரு வாரம் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார். தாலுகா நிருபராக முப்பத்துநான்கு வருடம் மழையளவும் ஏரி நீர்மட்டமும் எழுதி அனுப்பியவனுக்கு இது பெரிய வேலையில்லை.

காலை 6.10 – 90 மி.லி. 6.45 – 60. 7.20 – 70, கதவைத் திறப்பதற்குள் கசிவு. 7.50 – 50, லேசான சிவப்பு.

2019இல் புராஸ்டேட்டில் புற்று. முப்பத்தேழு நாள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். புற்று போனது, இன்றுவரை திரும்பவில்லை. போன ஐப்பசியில்தான் இந்தத் தொல்லை. கதிர் பட்ட சிறுநீர்ப்பை வருடங்கள் கழித்தும் சுருங்குமாம், உள்ளே புண்ணாகி ரத்தம் கசியுமாம். "புற்று இல்லை, பயப்படாதீங்க. ஆனா இது சட்டுனு போறதும் இல்லை" என்றார்.

பயமில்லை. எரிச்சல்.

ஜனவரி 24, வெள்ளி

சம்மன் வந்தது. பிப்ரவரி 12. சின்னராசு வழக்கு.

2018 ஜூன், காலை 5.20. மாகறலில் ஆற்று மணல் திருடும் லாரிகளைப் படமெடுக்கப் போயிருந்தேன். கூலி வேலைக்கு சைக்கிளில் போன சின்னராசு மேல் ஒரு லாரி ஏறியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து குதித்து ஓடியவன் லாரி முதலாளியின் மகன் தினேஷ்குமார். படத்தில் லாரி பதிந்தது, முகம் பதியவில்லை. அன்று லாரியில் ஏறவே இல்லை என்கிறான். முகத்தைப் பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

கூண்டில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும்? டாக்டரின் தாளைப் பார்த்தேன். எனக்கு வாய்த்தது அரை மணி நேரம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

குடிப்பதை நிறுத்தினால் வருவதும் நிற்கும். சரிதானே? மதியம் முதல் தண்ணீர் இல்லை, டீ இல்லை. என் மனைவி ஏலவார்குழலி சொம்பை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"இன்னாங்க இது, விரதமா? நாக்கு ஒட்டிக்கினு கீது, பேச்சே வர்ல உங்களுக்கு. நாளிக்கு கோர்ட்டுல இன்னாத்த பேசுவீங்க?"

நாளை சாயங்காலம் ஒரு குடம் குடிக்கிறேன், போ என்றேன்.

பிப்ரவரி 13, வியாழன். மருத்துவமனை

நேற்று எழுத முடியவில்லை.

அரசு வக்கீல் சுபாஷ்ரீயின் கேள்விகள் இருபது நிமிடத்தில் முடிந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் ஸ்ரீராம்குமார் எழுந்து, அன்று நான் போட்டிருந்த சட்டையின் நிறம், செருப்பின் நிறம் என்று ஆரம்பித்தார். 12.15க்கு அடிவயிறு முறுக்கியது. ஓடினேன். ஒரு சொட்டு வரவில்லை. ரத்தம் கட்டியாகி வழியை அடைத்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. குழாய் போட்டுக் கழுவினார்கள். குறுக்கு விசாரணை ஏப்ரல் 9க்குத் தள்ளிப்போயிற்று.

டாக்டர் கோபமாகத்தான் இருந்தார். "தண்ணிய நிறுத்தினா மூத்திரம் கெட்டியாகி புண்ண அரிக்கும் சார். நியூஸ் எழுதுறவர்தானே நீங்க, ஒரு போன் போட்டு கேட்டிருக்கலாம்ல?"

இரண்டு பேரைக் கேட்காமல் ஒரு வரி எழுதியதில்லை நான். என் உடம்பு விஷயத்தில் மட்டும் விசாரிக்காமலே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

குழாயும் பையுமாக வீடு. பக்கத்து வீட்டு அம்முலு பார்க்க வந்தபோது குழலி பையின் மேல் துண்டைப் போட்டு மூடினாள். நான் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 22, சனி

குழாய் எடுத்தாயிற்று. சுப்பிரமணி டீக்கடை வரை நடந்தேன். அவன் கிளாஸை அலசிக்கொண்டே சொன்னான்.

"அண்ணே, அந்த வக்கீலு குமாஸ்தா இங்கதான் குந்திக்கினு சொல்றான். ரிப்போட்டரு அரை மணிக்கு மேல தாங்க மாட்டாராம். எங்க சாரு முக்கா மணி மொக்க கேள்வியா கேட்டா போதும், கேஸு குளோஸுங்கிறான். சொல்லிட்டு சிரிக்கிறாண்ணே."

"நீ இன்னா பண்ண?"

"அவன் டீயில சக்கர போடல."

வரும் வழியெல்லாம் வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன். என் மூத்திரத்த வச்சா கேஸ் நடத்துறீங்க? செத்தவன் கணக்குல இல்ல, என் வேட்டிதான் உங்களுக்கு சாட்சியா? வரேன்டா. ஊத்திக்கினே வரேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

சுபாஷ்ரீ போனில்: "மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்தீங்கன்னா உங்களை யாரும் வற்புறுத்த மாட்டாங்க சார். ஆனா குறுக்கு விசாரணை முடியலைன்னா, அன்னிக்கு நீங்க சொன்னதும் நிக்காது."

சின்ன வயசுதான். சுற்றி வளைக்காமல் பேசுகிறார்.

மார்ச் 2, ஞாயிறு

சின்னராசுவின் மனைவி எல்லம்மாள் மாகறலில் இருந்து வந்திருந்தாள். உட்காரவில்லை.

"வர்லன்னா இப்பவே சொல்லிடு ரிப்போட்டரே. ஏழு வருசமா பஸ்ஸு ஏறி ஏறி எறங்கிக்கினு கீறேன். நோவு வந்தா மனுசன் இன்னா பண்ணுவான்? உன்ன திட்ட மாட்டேன்."

"வரேன்."

"நின்னுக்குவியா?"

"நிக்க முடியாது. நடுவுல போயிட்டுப் போயிட்டு வந்தா முடியும்."

"அதுக்கு வுடுவாங்களா? கேட்டியா?"

கேட்கவில்லை. குழாய் எடுத்தபோது, எப்படி அடக்குவது என்று டாக்டரைக் கேட்டேன், புத்தகத்தைப் புரட்டினேன். விடுவார்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவே இல்லை. கேள்வி கேட்பதுதானய்யா உன் தொழில்?

மார்ச் 18, செவ்வாய்

மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், தவறாமல். அவசரம் வந்ததும் ஓடாமல், இடுப்புத் தசையை இறுக்கி ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். நிற்கிறேன். காலண்டரைப் பார்த்தபடி நிற்கிறேன். ரத்தம் இல்லை.

மார்ச் 28, வெள்ளி

நேற்று சிறுநீர்ப்பை நாற்பது நிமிடம் தாங்கியது. இன்று பதினைந்து. நாயே.

ஏப்ரல் 8, செவ்வாய்

கோர்ட் நடுவருக்கு மனு எழுதினேன். செய்தி போலவே, நான்கு வாக்கியம்.

"நான் புராஸ்டேட் புற்றுக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவன். அதன் பின்விளைவாக அரை மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது. எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லத் தயார். நடுவே போய்வர அனுமதி வேண்டும்."

குழலி இரண்டு முறை படித்தாள். "இத்த எல்லார் எதிர்லயும் படிப்பாங்களே. ஊரே சிரிக்குமே."

"எத்தன பேர் சிரிச்சாங்கன்னு எண்ணி வை."

உள்ளே போய் இரண்டு வேட்டிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

ஏப்ரல் 9, புதன்

டவாலி என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். லோகநாதன், லோகநாதன், லோகநாதன். அதற்குள் மனு படிக்கப்பட்டிருந்தது. நடுவர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "வேணும்னா கையைத் தூக்குங்க" என்றார். அவ்வளவுதான். இதற்குத்தான் இரண்டு மாதம் புழுங்கினேனா?

11.05 கூண்டு. 11.32 கை. வெளியே போய் யாரிடமாவது பேசி வைத்துக்கொண்டு வரலாம் என்று ஸ்ரீராம்குமார் ஆட்சேபித்தார். ஒரு போலீஸ்காரரை என்னோடு அனுப்பினார்கள். அவர் கழிப்பறை வாசலில் முதுகைத் திருப்பி நின்றார். போலீஸ் காவலில் மூத்திரம் போன நிருபர் தாலுகாவில் நான்தான் முதலாக இருக்கும். 11.39 கூண்டு. 12.04 கை. 12.10 கூண்டு.

செருப்பு, சட்டை, துண்டு எல்லாம் முடிந்து 12.33க்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. "ஓடியவனின் முகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறீர். அப்போது உமக்கும் அவனுக்கும் எவ்வளவு தூரம்?"

அதே நேரத்தில் அதுவும் வந்தது. கை பாதி உயர்ந்தது. இறக்கிக்கொண்டேன். இப்போது போனால், பதிலை யோசித்துக்கொண்டு வரப் போனான் என்று ஆகும்.

"பதினோரு அடி. நடுவுல சின்னராசு சைக்கிள் கிடந்தது. அதைத் தாண்டிக் குதிக்கும்போது என்னை நேராப் பார்த்தான். ஜூன் மாசம், அந்நேரத்துக்கே வெளிச்சம் வந்துடுச்சு. இதோ நிக்கிற இந்த தினேஷ்குமார்தான்."

நான் முடிப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது. காலில் இறங்கித் தரைக்கு வந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

ஸ்ரீராம்குமார் குரலைத் தாழ்த்தி, "சாட்சிக்கு உடம்பு முடியவில்லை. பாவம், வேறு தேதிக்குத் தள்ளி வைக்கலாம்" என்றார்.

"நனைஞ்சது வேட்டி சார். வாய் நல்லாத்தான் இருக்கு. அடுத்த கேள்வி கேளுங்க."

நடுவர் அவரைப் பார்த்தார். இன்னும் மூன்று கேள்வி. 12.46க்கு "வேறு கேள்விகள் இல்லை" என்று உட்கார்ந்தார்.

எனக்கு முன்பே வெளியே வந்து குழலி மாற்று வேட்டியோடு நின்றாள்.

"எத்தன பேர் சிரிச்சாங்கன்னு கேக்கலியே?"

"எத்தன?"

"ஒருத்தன். அந்த குமாஸ்தா. எல்லம்மா திரும்பி பாத்த பார்வையில அவனும் வாய மூடிக்கினான்."

ஏப்ரல் 10, வியாழன்

ஒன்பது மணிவரை தூங்கினேன். நனைந்திருந்தது. மாற்றிக்கொண்டு மறுபடியும் தூங்கினேன்.

ஜூலை 23, புதன்

தினேஷ்குமாருக்கு ஓராண்டு சிறை. மேல்முறையீடு செய்வார்கள். செய்யட்டும். மறுபடி கூப்பிட்டால் அங்கேயும் ஒரு கழிப்பறை இருக்கும்.

இந்த வாரம் இரண்டு நாள் சிவப்பு. டாக்டர் ஆக்சிஜன் அறையில் உட்காரவைக்கும் சிகிச்சை ஒன்றைப் பற்றிச் சொல்கிறார். இந்த முறை ஒன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு போகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எல்லம்மாள் தீர்ப்பின் நகலோடு வந்தாள். பதினெட்டுப் பக்கம். இன்று உட்கார்ந்தாள். "ஒரு வார்த்த வுடாம படி ரிப்போட்டரே. எனுக்கு எல்லாம் தெரியணும்."

வரிவரியாக விரலை ஓட்டிப் படித்தேன். சின்னராசுவின் பெயர் வரும் இடத்திலெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டாள். ஐந்தாம் பக்கம் பாதியில் எழ வேண்டியிருந்தது. தாளை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், நான் விட்ட வரியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வுட்ட. படி."

ஒன்பதாம் பக்கத்தில் மறுபடி. நான் எழுவதற்கு முன்பே அவள் விரல் தாளுக்கு வந்துவிட்டது.