மில் பதிவேட்டில் இல்லாத அம்மாவுக்கு

அம்மா,

தலையணை உறை இன்றைக்குக் கிழிந்துவிட்டது. மில்லில் கழித்துப் போடும் பஞ்சைக் கேட்டு வாங்கி வந்து நீ அடைத்த தலையணை. பஞ்சும் மெஷின் எண்ணெயும் கலந்த உன் வாசனை அப்படியே இருந்தது. அதில் முகத்தை வைத்தபடி கிடந்தேன். அதற்கப்புறம் தூங்க முடியவில்லை. அப்பா வாசல் பக்கம் படுத்திருக்கிறார். அவர் புரளும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

நாளைக்கு அருப்புக்கோட்டையில் விசாரணை. வெளிநாட்டு நூல் வந்து மூடிப்போன மில்களின் ஆட்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறது என்று நீ மனுப் போட்டாயே, அதற்கு. உனக்குச் சில மாத உதவித்தொகை, தையல் பயிற்சி, என் படிப்புச் செலவு. என் படிப்பும் அதில் இருப்பதால் என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கடிதம் முத்துலட்சுமி என்ற பெயருக்கு வந்தது. பெரியம்மாவின் பெயர்.

நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது ஒரு நாள் நீ சோற்று வாளியை மறந்துவிட்டுப் போனாய். அப்பாவோடு திருச்சுழி பஸ் ஏறி மில் வாசலுக்கு வந்தேன். அப்பா வாயைத் திறப்பதற்குள் வாட்ச்மேனிடம் உன் பெயரைச் சொன்னேன்.

"அப்பிடி ஒரு ஆளே இங்கன இல்லையே பாப்பா" என்றார்.

நான் அழுத சத்தம் கேட்டு நீ ஓடி வந்தாய். புருவமெல்லாம் பஞ்சு. என்னைத் தூக்கிக்கொண்டு காதில் சொன்னாய்: "இங்கன நான் உங்க பெரியம்மாடி. வெளிய சொல்லிறாத."

வீட்டுக்கு வந்துதான் முழுசாகச் சொன்னாய். நீ வேலைக்குப் போனது மழை பொய்த்த வருசம். உனக்குப் பதினைந்து வயது. மில்லில் பதினெட்டு கேட்டார்கள். அக்காவின் பள்ளிக்கூடச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டி வேலைக்குச் சேர்ந்தாய். "நான் மட்டுமா? எங்க மில் வேன்ல வாரவுக பாதிப் பேரு அக்காமாருதான்" என்று சிரித்தாய்.

அந்த வேனின் கடைசி நாளைப் பற்றியும் நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். வெளிநாட்டு நூல் கப்பலில் வந்து இறங்குகிறது, விலையில் அதோடு நம்மால் மோத முடியாது என்று சூப்பர்வைசர் சொன்னாராம். நீ கேட்டாயாம்: "நம்ம கம்மாயில தவளை குளிக்கத் தண்ணியில்ல. இதுல கப்பலு எங்கிட்டு வந்துச்சாம்?" எல்லாரும் சிரித்தார்களாம். மறுநாளிலிருந்து வேன் வரவில்லை. நீ கூலிக்கு வேலிக்கருவை மரம் வெட்டப் போனாய். இருமல் வந்தது. இருமலோடுதான் மனு எழுதினாய். "நான் செத்தாலும் பேப்பர்ல சாக மாட்டேன்டி" என்றாய். அன்றைக்கு நானும் கூடச் சிரித்தேன், அம்மா.

நீ சொன்னது போலவே ஆகிவிட்டது. உன் இறப்புச் சான்றிதழில் உன் சொந்தப் பெயர் இருக்கிறது. மில் பதிவேட்டில் நீ இல்லை. அதில் இருக்கும் முத்துலட்சுமி உயிரோடு இருக்கிறார். அதனால் பெரியம்மாவையே மில்லில் வேலை பார்த்தவராக நிறுத்துவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

"ஆபீசரு கேப்பாரு. இவுகதான் எங்க அம்மான்னு ஒரு சொல்லு சொல்லு. அம்புட்டுதான்" என்றார் அப்பா. "சொல்லலைன்னா பத்தாவதோட நின்னுக்க. திருப்பூருக் கம்பெனிக்கு ஆளு எடுக்காக."

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வாட்டி கூப்புடு தாயி. எனக்கும் கேக்க ஆசையாத்தான் இருக்கு." அவருக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. குளிக்கும்போது தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "இவுகதான்" வரைக்கும் வருகிறது. அடுத்த சொல்லுக்கு முன்னே தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறேன். உன்னைத் தவிர யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நேற்று அப்பா உன் மில் அட்டையை என்னிடம் தந்து அடுப்பில் போடச் சொன்னார். "பேரு அக்கா பேரு, மூஞ்சி உங்க அம்மா மூஞ்சி. பாத்தாக் கண்டுபிடிச்சிருவாக." எரித்துவிட்டேன் என்று சொன்னேன். எரிந்தது என் பழைய நோட்டு அட்டை.

உன் அட்டை என் அறிவியல் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதிலுள்ள படத்தில், பதினெட்டு என்று காட்டிக்கொள்ளக் கழுத்தை நிமிர்த்தி நிற்கிறாய். உன் கண்ணிலும் பயம் இருக்கிறது. அந்தப் பதினைந்து வயதுதான் இப்போது எனக்கு.

இவ்வளவு வருசம் நீ பொய்ப் பெயரில் இருந்தது தெரிந்தால் உதவி கிடைக்காமல் போகலாம். என் பள்ளிக்கூடமும் நின்றுபோகலாம். அப்பா அடிப்பார். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். எழுத்து கோணலாகப் போகிறது, பார். ஆனால் நீ இருபது வருசம் நின்ற இடத்தில் இன்னொருவர் நின்றதாக என் வாயால் சொல்ல என்னால் முடியாது.

நாளைக்கு அதிகாரி கேட்டதும் அட்டையை எடுத்து அவர் மேசைமேல் வைப்பேன். பெயரை விரலால் மறைத்துக்கொண்டு, "இந்த மூஞ்சிதான் சார் எங்க அம்மா" என்று சொல்வேன்.