தங்கச்சி வண்டி

செப். 9, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். ஆவணி கடைசி முகூர்த்தம், கடையில் கூட்டம். புடவை பிரித்துப் பிரித்து இடுப்பு விட்டுப்போச்சு. மதியம் டீ குடிக்கும்போது பில் போடும் ரேவதி போனை நீட்டினாள்.

"அக்கா, இது உங்க தங்கச்சி வண்டிதான?"

அதேதான். பாலாடை நிறம், பளபளவென்று பம்பர், பக்கத்தில் கோமதியும் அவள் வீட்டுக்காரர் பாஸ்கரும். 'பழைய அமெரிக்கக் கார், முழுவதும் புதுப்பித்தது, விற்பனைக்கு.' கோமதி என் காதில் ஒரு வார்த்தை போடவில்லை. பில் போடுகிறவளுக்குத் தெரியுது, கூடப் பிறந்தவளுக்குத் தெரியாது.

"செம்மயா இருக்குதுக்கா. யார் வண்டி இது மொதல்ல?"

எங்க அப்பா வண்டி என்றேன். பாதி உண்மை. பட்டு முதலாளி வண்டி. அப்பா டிரைவர். ஓடாமல் நின்றதும் முதலாளி அப்பாவுக்கே கொடுத்துவிட்டார்.

வாங்க: சீயக்காய், கேஸ் லைட்டர், இவருக்கு சுகர் மாத்திரை.

செப். 10, புதன்

தூக்கம் சரியில்லை. ரேவதி அனுப்பிய அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி கட்டியிருந்தது மயில்கழுத்துக் கலர். என் கடையில் எடுத்ததில்லை.

அப்பா போனபின் பாகம் பிரித்தபோது முன்பக்கத்து இரண்டு அறையும் எனக்கு. பின்பக்க ஷெட்டும் அதற்குள் கிடந்த வண்டியும் அவளுக்கு. அவளைப் பார்த்துப் பாவம் என்றுகூட நினைத்தேன். இப்போது என் அறையில் மழை ஒழுகுகிறது. அவள் வண்டியைப் பார்க்கப் பெங்களூரிலிருந்து ஆள் வருகிறானாம், போட்டோவுக்குக் கீழே போட்டிருக்கிறது.

இட்லி மாவு புளித்துவிட்டது.

செப். 12, வெள்ளி

சாயந்திரம் நல்ல மழை. கரண்ட் இல்லை. இவர் ஆரம்பித்தார்.

"உங்க அப்பன் வண்டிதான. ஒனக்கும் பாத்தியம் இல்லியா? போய்க் கேளு."

"பாகம் பிரிச்சாச்சிங்க."

"அப்போ அது இரும்புக் குப்பை. இப்போ அப்படியா?"

எனக்கும் அதே நினைப்புதான். இவர் வாயால் கேட்டதும் அசிங்கமாக இருந்தது. இருந்தாலும் நாளைக்குப் போவேன்.

செப். 13, சனி

போனேன். பாஸ்கர் ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நிற்கிறது. கிட்டத்தில் பார்த்ததும் வயிறு எரிந்தது, வேறு வார்த்தை இல்லை. சீட்டெல்லாம் சிவப்பு. கதவைச் சாத்தினால் சத்தமே வரவில்லை. கோமதி மஞ்சள் துணியால் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"விக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அப்பா வண்டிடி."

"துருப்புடிச்ச சனியன எடுத்துக்கினு போன்னு நீதானக்கா சொன்ன?"

சொன்னேன்தான்.

அவள் துணியை மடித்து வைத்தாள். "நீ என்ன கேக்க வந்தன்னு தெரியும். கேளு. அதுக்கு முன்னாடி நான் ஒன்னு கேக்குறேன். அப்பா ஓட்டும்போது எப்படிக்கா இருக்கும்?"

புரியாமல் பார்த்தேன்.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியே இது ஷெட்டுக்குப் போயிடுச்சி. நீதான் சொல்லிக்கினே இருப்ப. முதலாளி ஊர்ல இல்லாதப்ப அப்பா ஒன்ன முன்சீட்டுல ஒக்கார வெச்சி தாமல் ஏரிக்குக் கூட்டிக்கினு போனாரு, ஊரே பாத்துச்சின்னு. கேக்கும்போதெல்லாம் ஒன்னக் கடிச்சி வெக்கணும் போல இருக்கும். அதுக்குத்தான் இவர உயிர வாங்கி இத ரெடி பண்ண வெச்சேன். ரெடியாச்சி. இவர் ஓட்டுனாரு, நான் முன்னாடி ஒக்காந்து ஏரி வரைக்கும் போனேன்."

"அப்புறம்?"

"ஒன்னும் வரலக்கா. வெறும் வண்டி. திரும்பி வந்துட்டோம். அதான் விக்கிறேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுத. அவளிடம் இல்லாதது ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை அவள் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பஸ் ஸ்டாண்ட் வரும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகு கால் வலித்தது. பாகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

இவர்: "என்ன சொன்னா?" நான்: "சாப்பிடுங்க."

செப். 14, ஞாயிறு

வெயில். காலையில் நானே கோமதிக்குப் போன் செய்தேன். பெங்களூர்க்காரர் மதியம் வருகிறார், புரட்டாசி பிறப்பதற்குள் எடுத்துக்கொண்டு போகவேண்டுமாம். அதற்குள் ஒருமுறை ஏரிக்குப் போகலாம், நான் வழி சொல்கிறேன் என்றேன். "எதுக்குக்கா?" என்றாள். வா என்றேன்.

பாஸ்கர் ஓட்டினார். கோமதி எனக்காக முன்கதவைத் திறந்து பிடித்தாள். அவளை அங்கே உட்காரச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறினேன்.

நினைவில் இருந்ததையெல்லாம் சொன்னேன். அப்பா கண்ணாடியை முழுசாக இறக்கிவிடுவார். முழங்கையை வெளியே வைத்துக்கொள்வார். பேசமாட்டார். நான் ஏதாவது கேட்டால் இரண்டு விரலால் ஸ்டியரிங்கைத் தட்டுவார், அதுதான் பதில். பாஸ்கர் பாவம், தட்டினார். கோமதி சிரிக்கவில்லை. சொல்லச் சொல்ல அதெல்லாம் என் கையைவிட்டுப் போவதுபோல் இருந்தது. பாதியில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தவில்லை.

கரையோரம் மண்பாதையில் ஒரு வேப்பமரம். அப்பா நிறுத்தும் மரமா, வேறா, தெரியாது.

"இங்க நிறுத்துங்க தம்பி. ஹாரன் அடிங்க. நல்லா நீளமா."

அடித்தார். தண்ணீர் ஓரத்தில் இருந்த கொக்கெல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. வெள்ளையாக ஏரிக்குமேல் ஒரு சுற்று.

"இதுக்குத்தான் கூட்டிக்கினு வருவாரு," என்றேன். "ஏரியப் பாக்க இல்ல."

கோமதி பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தாள். "இன்னொருவாட்டி அடிங்க," என்றாள். அது நாற்பத்தைந்து வயசுக் குரலே இல்லை. பாஸ்கர் அடித்தார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், முகமெல்லாம் ஈரம். "வந்துச்சிக்கா," என்றாள்.

பின்சீட்டில் சாய்ந்துகொண்டேன். அவள் உட்கார்ந்திருந்த இடம் என்னுடையது. எட்டிப் பிடித்து இழுத்துவிட்டு நானே போய் உட்காரவேண்டும்போல் இருந்தது.

நான்கு மணிக்குப் பெங்களூர்க்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.